சுந்தரவனத்தில் படகுப் பயணம்: புலியைக் கணக்கில் சேர்க்காத ஒரு மதிப்பீடு

மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்துக்குப் படகுப் பயணம் ஏற்பாடு செய்து தருபவர்களின் விளம்பரங்களில் புலியின் படம் இல்லாத ஒன்றைக் காண்பது அரிது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பகுதியில் இருப்பவை ஏறத்தாழ நூறு புலிகள். அப்போது அவை வாழ்ந்த புலிகள் காப்பகத்தின் பரப்பு 2585 சதுர கிலோமீட்டர். அதில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 1330 சதுர கிலோமீட்டர் மையப் பகுதி சுற்றுலாப் படகுகளுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும், விளம்பரத்தை நம்பிப் போகிறவருக்கும் ஒரே படகில் ஒரே பயணம் இருவேறு தரத்தில் தெரியும். ஆகவே புலியை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, அலையாத்திக் காட்டின் நீர்வழிகளில் அவசரமின்றி உயிரினங்களைப் பார்த்துவரும் சேவை என்ற அளவுகோலில் மட்டுமே இதை மதிப்பிடுகிறேன். அந்த அளவுகோலில் இது மிக நல்ல பயணம். ஆனால் அந்த நல்ல பயணம் தானாக அமைவதில்லை. படகின் அளவு, படகோட்டியின் பொறுமை, ஓதத்தின் (கடல்நீர் ஏறி வற்றுவதன்) நேரம் ஆகிய மூன்றையும் பயணியே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் பெரிய குறை.

போய்ச் சேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொல்கத்தாவிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் கோட்காலி படகுத்துறை. சியால்டாவிலிருந்து கேனிங் வரை மின்ரயிலில் வந்து, அங்கிருந்து வேனிலோ ஆட்டோவிலோ வருபவர்களும் உண்டு. பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் கொல்கத்தாவிலேயே காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். சாலை சுமார், உணவு நிறுத்தம் சுமார், அதோடு விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது படகில் ஏறும் இடம். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் படித்துறையின் கீழ்ப்படிகள் சேறு பூசி வழுக்கும். கரைக்கும் படகுக்கும் இடையே ஒரு நீளப் பலகையைப் போடுகிறார்கள், கைப்பிடி கிடையாது. படகு ஆட்கள் இருவர் ஒரு மூங்கில் கழியை ஆளுக்கொரு முனையாகத் தோளுயரத்தில் பிடித்துக்கொள்ள, அதைப் பற்றிக்கொண்டே நடந்து ஏற வேண்டும். அவர்கள் மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் முழங்கால் வலியுள்ள முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள், நீர் ஏறியிருக்கும் நேரத்தில் ஏறும்படி புறப்பாட்டை அமைத்துத் தருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இதைக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

படகுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்பு: கீழே சமையலறை, கழிப்பறை, படுத்துக்கொள்ள ஓர் அறை, மேலே கூரை போட்ட திறந்த தளம், அதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வேறுபாடு அளவில் இருக்கிறது. நாற்பது ஐம்பது பேரை ஏற்றும் பெரிய படகு தலைக்கு மலிவாக விழும். எட்டுப் பத்துப் பேர் மட்டும் செல்லும் சிறிய படகு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகும். அந்தக் கூடுதல் பணம் சொகுசுக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பார்வைக்கான கட்டணம். பெரிய படகு அகலமான ஆறுகளை விட்டு அதிகம் விலக முடியாது. விலகினாலும் அதன் எஞ்சின் ஓசைக்கும் ஆட்களின் பேச்சுக்கும் கரையில் எதுவும் காத்திருக்காது. சிறிய படகு குறுகிய கால்வாய்களுக்குள் நுழைகிறது. நுழைந்தபின் எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதந்து போக முடிகிறது. இந்தப் பயணத்தின் சாரமே அந்த அணைத்த நேரங்களில்தான் இருக்கிறது. நான் சென்ற படகின் ஓட்டுநர் முதல் நாள் காலையில் எஞ்சினை அணைக்கச் சற்றுத் தயங்கினார். அடுத்த கண்காணிப்புக் கோபுரத்துக்கு நேரமாகிவிடும் என்பது அவர் கவலை. கோபுரம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதன்பின் அவரே இடம் பார்த்து நிறுத்தத் தொடங்கினார்.

அனுமதிச்சீட்டு, வழிகாட்டி ஆகியவற்றுக்கான ஏற்பாடு சஜ்னேகாலியில் நடைபெறுகிறது. கோட்காலியிலிருந்து படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒவ்வொரு படகிலும் வனத்துறை அங்கீகரித்த வழிகாட்டி ஒருவர் ஏறியாக வேண்டும் என்பது விதி, நல்ல விதி. வழிகாட்டிகள் பெரும்பாலும் சுற்றியுள்ள தீவுகளைச் சேர்ந்தவர்கள். வங்க மொழியோடு இந்தியும் ஓரளவு ஆங்கிலமும் பேசுகிறார்கள். அவர்களின் கண்ணுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். எனக்குச் சேற்றின் நிறமாக மட்டுமே தெரிந்த கரையில் கிடந்த முதலையை, படகு இருநூறு அடி தொலைவில் வரும்போதே சுட்டிக்காட்டியவர் எங்கள் வழிகாட்டி. குறை என்னவென்றால், பயணிகள் புலியை மட்டுமே கேட்டுக் கேட்டு, வழிகாட்டிகளும் மற்றவற்றைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். நண்டைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ நாமாகக் கேள்வி கேட்டால் ஒழிய, பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கேட்கத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. சஜ்னேகாலியிலேயே ஒரு விளக்க மையமும், மிக அருகிவிட்ட படாகுர் வகை ஆற்றாமைகளை இனப்பெருக்கம் செய்து காக்கும் குளமும் இருக்கின்றன. அனுமதிச்சீட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அங்கே செலவிடலாம். கூட்டம் வருவதற்கு முன் வனதேவியான பன்பீபியின் சிறு கோயிலையும் பார்த்துவிடலாம். இந்துக்களும் முஸ்லிம்களும் காட்டுக்குள் போகும்முன் வணங்கும் தெய்வம் அவள்.

இனி ஓதம். இந்தச் சேவையை வாங்குபவர்கள் அறை வசதி, உணவுப் பட்டியல், புறப்படும் நேரம் என்று பலவற்றைக் கேட்கிறார்கள். நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. காட்டில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்வதோ அந்த ஒன்றுதான். சுந்தரவனத்தில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போகிறது. நீர் நன்றாக ஏறி நிற்கும்போது படகு மிகக் குறுகிய ஓடைகளுக்குள்ளும் நுழையும். மேல்தளத்தில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு மரக்கிளைகள் வந்துவிடும். பறவைகளைப் பார்க்க அது நல்ல நேரம். ஆனால் சேற்றுக் கரை முழுவதும் மூழ்கியிருப்பதால் முதலையும் நண்டும் கொக்கும் கண்ணில் படமாட்டா. நீர் அடியோடு வற்றிவிட்டால் கரை நாற்பது அடி அகலத்துக்குத் திறந்து கிடக்கும். ஆனால் படகு பள்ளத்தில் கிடப்பதால் காட்டின் உட்புறம் தெரியாது, ஓடைக்குள் போகவும் முடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான், அதாவது நீர் இறங்கத் தொடங்கி ஓரிரு மணி நேரம் கழிந்து சேறு மெல்ல வெளிப்படும் வேளைதான், பணம் கொடுத்ததற்கு முழுப் பயன் தருவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. காலை எட்டு மணி வாக்கில் நீர் இறங்கத் தொடங்கும் நாளைத் தேர்ந்து போகிறவர் பாதி வெற்றியை வீட்டிலிருந்தே பெற்றுவிட்டார். நாட்காட்டியைப் பார்த்துத் திதி சொல்லத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல.

அப்படியொரு வேளையில் பீர்காலி கால்வாயில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். முதலில் எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறச் சேறு மட்டும் வெயிலில் பளபளத்தது. சற்று நேரத்தில் அந்தச் சேறே அசையத் தொடங்கியது. சிறு துளைகளுக்குள்ளிருந்து நண்டுகள் வெளிவந்தன. நீர் ஏறும்போது துளையின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தவை அவை. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரிதாக, செம்மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அதை மேலே தூக்கி இறக்கி, மீண்டும் தூக்கி இறக்கி, யாரையோ கூப்பிடுவது போலவே காட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடுவது பெண் நண்டை. அருகில் இன்னோர் ஆண் வந்தால் அதே சைகை மிரட்டலாகிவிடுகிறது. அவற்றுக்கு நடுவே சேற்றுத்தாவி மீன்கள் மார்புத் துடுப்புகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தன. செவுள் அறைக்குள் நீரைத் தேக்கிக்கொண்டும், ஈரமான தோலின் வழியாகவும் சுவாசிக்கும் இந்த மீன், தோல் உலராதிருக்க அவ்வப்போது பக்கவாட்டில் புரண்டு உடம்பைச் சேற்றில் நனைத்துக்கொள்கிறது. இரண்டு மீன்கள் முகத்துக்கு முகம் நின்று, முதுகுத் துடுப்பை விரித்து, வாயை அகலத் திறந்து ஒன்றையொன்று அளந்து பார்த்துவிட்டு, சண்டை எதுவும் போடாமல் திரும்பிப் போயின. இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் இதைப் பார்க்க முடியாது. எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண இருநோக்கியே போதும். அதைவிடப் பெரிதானால் மிதக்கும் படகில் படம் நடுங்கும். ஏற்பாட்டாளர்களில் மிகச் சிலரே இருநோக்கி தருகிறார்கள், தருவதும் படகுக்கு ஒன்றுதான். சொந்தமாகக் கொண்டு செல்லுங்கள்.

முதலையைக் குளிர்காலத்தில் பார்ப்பது அநேகமாக உறுதி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உடலைச் சூடேற்றிக்கொள்ள அவை கரையேறிக் கிடக்கின்றன. உவர்நீர் முதலை உலகில் இன்று வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. படகு அருகில் வந்துவிட்டதாக அது எந்தக் கணத்தில் முடிவு செய்கிறது என்பது தெரியாது. வாலை ஒருமுறை அசைத்துச் சேற்றில் வழுக்கிக்கொண்டு நீருக்குள் இறங்கிவிடும். அது போன பின்னும் வயிறு இழுபட்ட அகன்ற தடமும், இருபுறமும் நகம் பதிந்த குழிகளும் கரையில் இருக்கும். வழிகாட்டி அதைக் கொண்டே விலங்கின் நீளத்தை மதிப்பிட்டுச் சொல்வார். நீர் உடும்புகள் இதைவிட எளிதில் தென்படும். நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் இங்கே உண்டு. மீன்பிடிப் பூனை மேற்கு வங்கத்தின் மாநில விலங்கும்கூட. அவற்றைப் பார்ப்பேன் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம்.

பறவை பார்ப்பவர்களுக்கு மீன்கொத்திகள் ஒன்றே பயணச் செலவை ஈடுசெய்துவிடும். கரிய தலையும் ஊதா முதுகும் கொண்டது ஒன்று, கழுத்தில் வெண்பட்டையும் நீலப்பச்சை முதுகும் கொண்டது ஒன்று. பழுப்பு நிற இறக்கையும், செம்மஞ்சள் உடலும், உடலுக்குப் பொருந்தாத பெரிய சிவந்த அலகுமாக இன்னொன்று. இந்தக் கடைசி வகை இந்தியாவில் ஒடிசா, வங்கக் கரைகளின் அலையாத்திக் காடுகளைத் தவிர வேறிடங்களில் காணக் கிடைப்பதில்லை. அது பறக்கும்போது மட்டும் முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு நீலம் மின்னி மறைகிறது. சொட்டைத் தலைப் பெருநாரை ஒன்று சேற்றில் தனியே நடந்துகொண்டிருந்தது. செம்பருந்துகள் எங்கும் இருந்தன.

மரங்களைப் பார்க்கவும் சற்று நேரம் கேட்டு வாங்குங்கள். காட்டுக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் சுந்தரி மரத்துக்கு நன்னீர் கலப்பு அதிகம் வேண்டும். இந்தியப் பகுதியில் உப்பு மிகுந்திருப்பதால் அது இங்கே குறைவு, வங்கதேசப் பகுதியில்தான் அதிகம். படகிலிருந்து நாம் அதிகம் பார்ப்பது கோரான், கேவோரா, கெவா ஆகிய மரங்களும், முள் நிறைந்த ஹெந்தால் பனையும். கெவா என்று வழிகாட்டி காட்டியது நம்முடைய தில்லை மரம். முதிர்ந்த இலைகள் விழுவதற்கு முன் செக்கச்செவேலென்று மாறியிருந்தன. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று பிச்சாவரத்தில் சொல்லும் அதே எச்சரிக்கையை இங்கேயும் சொன்னார். வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தை நாவால் தொட்டுப் பார்க்கச் சொன்னார்; உப்புக் கரித்தது. வேர் வழியே ஏறும் உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம் அது. கரை நெடுகச் சேற்றிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பார்த்தால், இந்தக் காட்டில் மனிதன் ஏன் வேகமாக நடக்க முடியாது என்பது விளங்கிவிடும். கேவோரா மரத்தின்மேல் குரங்குகள் தின்றுவிட்டு உதிர்க்கும் இலைகளுக்காகக் கீழே புள்ளிமான்கள் கூடி நிற்பதையும் ஓரிடத்தில் பார்த்தோம். படகு நின்ற நேரம் முழுவதும் அவை ஒருமுறை மட்டுமே நிமிர்ந்து பார்த்தன.

கண்காணிப்புக் கோபுரங்களைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணமில்லை. காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகள் காலூன்ற அனுமதிக்கப்பட்ட இடங்கள் இவை மட்டுமே என்பதால் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் இங்கு வந்து சேர்கின்றன. சுதன்யகாலி கோபுரத்திலிருந்து நன்னீர்க் குளமும் அதைச் சுற்றிய வெட்டவெளியும் தெரியும். மான்களும் காட்டுப்பன்றிகளும் நீர் குடிக்க வரும் இடம். நாங்கள் ஏறியபோது மேலே நிற்க இடமில்லை. ஒரு பெரிய குழுவினர் செல்பேசியில் பாட்டு வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த ஏற்பாட்டாளர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தோபாங்கியில் இருபுறமும் வலையடித்த உயர்த்திய நடைபாதை உண்டு. மர உச்சிகளின் மட்டத்தில் நடப்பது நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் முதல் படகாகப் போய்ச் சேர்ந்தால். இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதும். மிச்ச நேரத்தை ஓடைகளுக்குக் கொடுங்கள்.

புலியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றேன். ஆனால் அது இருப்பதன் அடையாளம் எங்கும் உண்டு. ஊர்ப்பக்கம் நோக்கிய காட்டோரம் முழுக்க நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். தேன் எடுக்கப் போகிறவர்கள் தலையின் பின்புறம் மனித முகமூடி அணிந்து செல்லும் முறையை வனத்துறை 1980களில் சோதித்துப் பார்த்தது. பின்னாலிருந்து பாயும் விலங்கைக் குழப்புவதற்காக. சேற்றில் காலடித் தடங்களையும் நாங்கள் பார்த்தோம். ஆற்றிலிருந்து ஏறி ஹெந்தால் புதருக்குள் நேராகப் போயிருந்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தச் சேவையின் மோசமான பழக்கம் ஒன்றையும் அப்போதுதான் கண்டேன். எங்கோ புலி தென்பட்டதாகச் செல்பேசியில் ஒரு செய்தி வந்துவிட்டால், அருகிலுள்ள படகுகள் அத்தனையும் முழு வேகத்தில் அங்கே பறக்கின்றன. அவை எழுப்பும் அலை சேற்றுக் கரையை அறைகிறது. வழியில் இருந்த பறவையெல்லாம் எழுந்து போய்விடுகிறது. போய்ச் சேர்ந்தால் பத்துப் படகுகளின் டீசல் புகைதான் மிச்சம். பதிவு செய்யும்போதே, அப்படிப்பட்ட ஓட்டத்தில் கலந்துகொள்ள விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். படகில் இருப்பவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஓட்டுநர்கள் மறுப்பதில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: படகிலேயே சமைக்கிறார்கள், சோறு, பருப்பு, மீன் குழம்பு, இறால், கடுகெண்ணெய் மணம். சைவம் கேட்டால் உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் தவறாமல் வரும், வேறெதுவும் வராது. கழிப்பறை சிறியது, தண்ணீர் உண்டு, காலையில் சுத்தமாக இருந்தது, மாலையில் இல்லை. உயிர்காப்பு உடைகள் படகில் இருந்தன. ஆனால் யாரும் அணியச் சொல்லவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் தாங்களே கேட்டு அணிவிக்க வேண்டும். இரவுத் தங்கல் பெரும்பாலும் சஜ்னேகாலிக்கு எதிர்க்கரையிலுள்ள பாகிராலய் போன்ற ஊர்களில் அமைகிறது. இந்தியப் பகுதியின் 102 தீவுகளுள் மக்கள் வாழும் 54 தீவுகளும் மண்கரைகளை நம்பி இருப்பவை. 2009இல் அய்லா புயலும் 2020இல் அம்பான் புயலும் அந்தக் கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரை ஏற்றிவிட்டுப் போயின. விடுதியின் வசதிக் குறைவுகளைப் பட்டியலிட நினைப்பவர்கள் மாலையில் அந்தக் கரைமேல் சற்று நடந்து, ஒருபுறம் ஆற்றின் மட்டத்தையும் மறுபுறம் வயலின் மட்டத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து கரையைப் பார்ப்பது அலுப்பாகத் தோன்றுபவர்களுக்கு இது தண்டச் செலவு. சிறு குழந்தைகள் முதல் ஒரு மணி நேரம் உற்சாகமாக இருந்துவிட்டுப் பின் கீழறையில் தூங்கிவிடுகிறார்கள். மருத்துவ உதவிக்குக் கரை வந்தாக வேண்டும் என்பதால் உடல்நலம் சரியில்லாதவர்கள் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மேல்தளம் கொதிக்கும்; மழைக்காலத்தில் ஆறுகள் முரட்டுத்தனமாக இருக்கும். குளிர்காலத்தில் காலைப் பனிமூட்டம் ஒன்பது மணி வரையிலும்கூட எதையும் காட்டாமல் இருப்பதுண்டு; அதற்கு யாரையும் நோக முடியாது.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணத்தை மலிவு என்று எண்ணிப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் கொல்கத்தாவிலிருந்து வரவும் போகவும் ஆகும் நேரத்தையும், கோட்காலியிலிருந்து சஜ்னேகாலி வரை படகில் போய் வரும் நேரத்தையும், அனுமதிச்சீட்டுக்காக நிற்கும் நேரத்தையும் கழித்துவிட்டால், ஓடைகளுக்கு எஞ்சுவது நண்பகல் வெயிலில் ஓரிரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஓதம் எப்படி இருக்கும் என்பதும் அன்றைய அதிர்ஷ்டம். இரண்டு இரவு தங்கும் ஏற்பாட்டில் நடுநாள் முழுவதும் படகுக்கே கிடைக்கிறது. விடியலில் புறப்பட்டால் ஓர் ஏற்றத்தையும் ஒரு வற்றத்தையும் முழுமையாகக் கண்டுவிடலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் விடுதியின் தரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். படகின் அளவிலும் நாட்களின் எண்ணிக்கையிலும் குறைக்க வேண்டாம்.